முள் ஆடுகிற ஆட்டம்

பழைய ஸ்கூட்டர் விற்கும் கன்சல்டிங் கடைக்காரர்கள் தாங்களாகவே முன்வந்து ஒப்புக்கொள்ளும் குறை ஒன்று உண்டு. "பெட்ரோல் முள் மட்டும் வேலை செய்யாது சார், மத்தபடி வண்டி பக்கா. சிங்கிள் ஓனர்." பெல்ட் தேய்ந்ததைச் சொல்ல மாட்டார்கள். முன் ஃபோர்க் அடிவாங்கியதைச் சொல்ல மாட்டார்கள். முள் விஷயத்தில் மட்டும் அரிச்சந்திரன். சாவியைத் திருப்பினாலே யாருக்கும் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். அந்த "மட்டும்"ஐப் பிடித்துக்கொண்டு விலையில் ஐந்நூறு குறைத்துக் கேட்டால், "முள்ளைப் பார்த்தா சார் வண்டி வாங்குவாங்க?" என்று நம்மையே மடக்குவார்கள்.

*

என் வண்டியின் முள் செத்துப்போகவில்லை. சிக்கலே அதுதான். செத்திருந்தால் கண் அந்தப் பக்கமே போகாது. வீட்டு வாசலில் பாதி காட்டும். தெருமுனை வேகத்தடையில் தொப்பென்று 'ஈ'யில் விழும். கிண்டி தாண்டுவதற்குள் முக்கால். சிக்னலில் நிற்கும்போது மெல்ல ஏறி 'எஃப்'பைத் தொட்டு, கிளம்பியதும் இறங்கும். இதில் எதை நம்புவது என்று யோசித்தபோது ஒன்று கவனித்தேன்: மனசு எப்போதும் அதிகமாகக் காட்டியதையே நம்புகிறது. பங்க் வரிசையில் நிற்கச் சோம்பலாக இருக்கும் நாளில் முள் முக்காலைத் தொட்ட அந்த ஒரு நொடிதான் உண்மை, மற்றதெல்லாம் குலுக்கல்.

எப்போதும் கால் டேங்க் கூடுதலாகக் காட்டுகிற முள்ளோடு காலம் தள்ளலாம். கழித்துக்கொண்டால் தீர்ந்தது. நேரத்துக்கு ஒன்று சொல்கிற முள்ளிடம் கழிக்கவும் வழியில்லை.

*

டேங்க்குக்குள் இருப்பது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஒரு மிதவை, மெக்கானிக் வாயில் அது 'ஃப்ளோட்'. அது ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் இருக்கும். கம்பியின் மறுமுனையில் ஒரு சின்னத் தகட்டு விரல். பெட்ரோல் ஏற இறங்க, அந்த விரல் மின்தடை வரி ஒன்றின்மேல் உரசிக்கொண்டே நகரும். எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப மின்தடை மாறும், மீட்டரில் முள் அதற்கேற்ப நகரும். சில வண்டிகளில் டேங்க் நிறைந்தால் ஓம் குறையும், சிலவற்றில் கூடும். பார்த்தால் ரேடியோவின் வால்யூம் திருகிக்குப் பெட்ரோலில் நீச்சல் பழக்கியதுபோல இருக்கும்.

பெட்ரோலுக்குள் மின்சாரமா என்று முதலில் திக்கென்றது. ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு. அதோடு பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். மூடிய டேங்க்குக்குள் ஆவி அதைவிட மிக அடர்த்தி, காற்று போதாது. மூடியைத் திறந்த இடத்தில்தான் அந்த ஆபத்தான கலவை. டேங்க்குக்குள் எட்டிப் பார்க்க லைட்டரைப் பொருத்துகிறவர்கள் இதைத்தான் யோசிப்பதில்லை.

*

ஆரம்பகால பஜாஜ் சேத்தக்குக்கு (1972-ல் வந்தது) முள்ளே கிடையாது. அதற்காக யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன நெம்பு: ஆன், ஆஃப், ரிசர்வ். வண்டி விக்கி இழுக்கும். ஓட்டுகிறவர் குனியாமலேயே கையை விட்டு நெம்பைத் திருப்புவார். வண்டி மறுபடி ஓடும். "ரிசர்வ் விழுந்துடுச்சு" என்றால் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம், ஆனால் முதலில் வரும் பங்க்கைத் தவறவிடக் கூடாது என்று அர்த்தம். அந்த எச்சரிக்கை பழுதாக வழியில்லை. வயர் இல்லை, மீட்டர் இல்லை. குழாயின் வாய் ஒன்று உயரத்தில், இன்னொன்று தாழ்வில்; அவ்வளவுதான் அதன் நுட்பம்.

ரிசர்வும் தீர்ந்தால் இருந்த கடைசி வித்தையை இன்றும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் நடித்துக் காட்டுவார்கள். வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு பக்கமாகத் தரையைத் தொடும் அளவுக்குச் சாய்த்து, சற்று நேரம் அப்படியே பிடித்திருப்பது. மூலையில் ஒதுங்கிய பெட்ரோல் குழாய்ப் பக்கம் வரும். நிமிர்த்தி உதைத்தால் அரைக் கிலோமீட்டர் உத்தரவாதம். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு அம்மா ஓரமாக நிற்க, நடுரோட்டில் அப்பா ஸ்கூட்டரைச் சாய்த்த காட்சி இல்லாத நடுத்தரக் குடும்பம் அந்தக் காலத்தில் குறைவு.

கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் வந்தபோது முள்ளைக் கொடுத்தார்கள், ரிசர்வைப் பிடுங்கிக்கொண்டார்கள். என் தீர்ப்பு: நட்டம் நமக்குத்தான். இரண்டும் இருந்திருக்கலாம்.

*

முள்ளை ஒதுக்கிவிட்டுக் குச்சியை எடுத்தேன். சீட்டைத் தூக்கினால் டேங்க் மூடி இருக்கிற வகை வண்டிகளுக்கு இதைப்போல நேர்மையான கருவி இல்லை. ஃபோர்டின் மாடல் டி காரில் (1908 முதல் 1927 வரை வந்தது) டேங்க் பெரும்பாலும் முன் சீட்டுக்கு அடியில்தான், முள் கிடையாது, சீட்டைத் தூக்கி, கோடு போட்ட மர அளவுகோலை விட்டுத்தான் பார்த்தார்கள். அந்தக் காரில் இன்னொரு வேடிக்கை உண்டு. பெட்ரோல் தன் எடையிலேயே இஞ்சினுக்கு இறங்க வேண்டும். பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் இஞ்சின் டேங்க்கைவிட உயரத்துக்குப் போய்விடும், வண்டி நின்றுவிடும். அதனால் ரிவர்ஸில் மேடு ஏறினார்கள்.

குச்சி செய்யும் விதம். மெல்லிய மூங்கில் பட்டை, சாயம் பூசாதது, சிலும்பு இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. டேங்க் அநேகமாகக் காலியாக இருக்கும் நாளில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். சைடு ஸ்டாண்ட் கூடாது, அளவு சரியும். அரை லிட்டர் அரை லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியை நேராக விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் கத்தியால் ஒரு கீறல். சென்னை வெயிலில் ஈரக்கோடு கண்ணெதிரே காய்ந்துவிடும். ஆற அமரப் பார்க்க முடியாது. பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், சில வகைகள் பெட்ரோலில் இளகும், அச்சடித்த எண்ணும் போய்விடும்.

கீறல்கள் முடிந்தபின் குச்சியைப் பார்த்தால் ஒன்று விளங்கும். இடைவெளிகள் ஒரே அளவில் இல்லை. அடியில் நெருக்கம், நடுவில் அகலம், மேலே மறுபடி வேறு. டேங்க் பெட்டி வடிவத்தில் இல்லை. சக்கரத்துக்கு வழிவிட்டு, சட்டத்துக்கு ஒதுங்கி, கோணல்மாணலாக வளைந்தது. மிதவைக் கம்பியும் நேர்கோட்டில் ஏறுவதில்லை, வில்லாக வளைந்து ஏறுகிறது. பழுதில்லாத வண்டியிலேயே முள் முதல் முப்பது கிலோமீட்டருக்கு 'எஃப்'பை விட்டு அசையாமல், பாதிக்குக் கீழே வந்ததும் மளமளவென்று சரிவதன் ரகசியம் இதுதான். முள்ளின் பாதி டேங்க்கின் பாதி அல்ல.

புது வண்டிகள் பலவற்றுக்குக் குச்சி வைத்தியம் எடுபடாது. டிவிஎஸ் ஜூபிடர் 125-ல் டேங்க் கால் வைக்கும் பலகைக்கு அடியில், பெட்ரோல் போடும் வாய் முன்பக்கத்தில். இடையில் வளைந்த குழாய். குச்சி எங்கே போகும்?

*

குச்சி போகாவிட்டால் தூரக் கணக்கு. ட்ரிப் மீட்டர் இருந்தால் அதைச் சுழியாக்கிக்கொள்ளலாம். இல்லாத வண்டியில் ஓடிய கிலோமீட்டரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டியதுதான். ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பு, எண்ணைக் குறி, அடுத்த முறையும் அதே மாதிரி நிரப்பு, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகு. கணக்கு இவ்வளவுதான். ஆனால் பழைய வண்டியில் கிலோமீட்டர் காட்டும் கேபிளும் அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. சிலர் விற்பதற்கு முன் வேண்டுமென்றே கழற்றி விட்டிருப்பார்கள். வாங்கும்போது முள்ளைவிட முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

கணக்கைக் கெடுப்பது இன்னொன்று. நாம் பெட்ரோலை ரூபாயில் போடுகிறோம். வண்டி லிட்டரில் குடிக்கிறது. "நூறுக்குப் போடுங்க" என்பது நாக்கில் ஊறிய வாக்கியம். சென்னையில் லிட்டர் நூறைத் தாண்டியது 2021-ல். 2017 ஜூன் 16 முதல் விலையைத் தினந்தோறும் மாற்றலாம் என்று ஆகிவிட்டது. நூறு ரூபாய்க்கு எவ்வளவு தூரம் போகும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கும் எண் எந்த விலைக்கு உரியது என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை.

அலகு குழம்பினால் என்ன ஆகும்? 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. இரண்டு இஞ்சினும் அணைந்தன. புறப்படும்போதே அதன் எரிபொருள் மீட்டர்கள் வேலை செய்யவில்லை. பரவாயில்லை என்று டேங்க்கை நேரடியாக அளந்தார்கள். அங்கேயும் குச்சிதான், விமானத்துக்கு ஏற்ற குச்சி. லிட்டர் சரியாகவே வந்தது. அதைக் கிலோவாக மாற்றும்போது 0.8 என்று பெருக்குவதற்குப் பதில், பவுண்டுக்குரிய 1.77-ஐப் போட்டுவிட்டார்கள். தேவை 22,300 கிலோ. ஏறியது அதில் பாதிக்கும் குறைவு. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. கிம்லி என்ற ஊரில், கார்ப் பந்தயத்துக்கு விட்டிருந்த பழைய விமானப்படை ஓடுபாதையில், மிதந்தே வந்து இறக்கினார் விமானி. இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். மீட்டர் பழுதானதால் அந்த விமானம் விழவில்லை, பதிலுக்குப் போட்ட கணக்குதான் அதைக் கவிழ்த்தது. அதைப் படித்தபின் நான் பங்க்கில் "ரெண்டு லிட்டர்" என்றுதான் கேட்கிறேன். பெட்ரோல் போடும் பையன் ஒருமுறைக்கு இருமுறை, "எவ்ளோக்கு சார்?" என்று கேட்பான். லிட்டரில் கேட்கிறவன் அவனுக்குப் புதிது.

அளவில் சந்தேகம் வந்தால் சரிபார்ப்பதற்கென்று, முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளையை ஒவ்வொரு பங்க்கிலும் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்குமேல் கூடாது. கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கும்போது கேட்கத் தெம்பு வேண்டும்.

*

மெக்கானிக் கடை. புதுப்பேட்டையிலிருந்து பழைய சாமான் வாங்கி வருகிறவர்கள், ஜி.பி. ரோட்டில் புதுசு வாங்கி வருகிறவர்கள் இரண்டு கட்சியும் கூடும் இடம்.

"அண்ணே, மீட்டர் போயிடுச்சா?"

"மீட்டர் சாதாரணமாப் போகாது சார். கப்ளரைக் கழட்டிப் பார்த்தாத் தெரிஞ்சிடும்."

சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியைக் கழற்றினார். டேங்க்கின் தலையில் வட்டமாக ஒரு மூடி, அதிலிருந்து வயர், நுனியில் வெள்ளைக் கப்ளர். சாவியை ஆன் செய்யச் சொல்லிவிட்டுக் கப்ளரை உருவினார். முள் ஒரு கோடிக்குப் போய் நின்றது. பிறகு கைநீள வயர்த் துண்டின் இரு நுனியையும் சீவி, கப்ளரின் இரண்டு துளையிலும் ஒரு நொடி சொருகினார். முள் மறு கோடிக்கு ஓடியது. "பாருங்க. மேல எல்லாம் ஓகே. கம்ப்ளைண்ட் உள்ள." பரிசோதனை ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. இதைச் செய்யாமல் மீட்டரையே மாற்றிவிட்டுப் பணம் வாங்குகிற இடங்களும் உண்டு. மாற்றியபின் பழைய கதைதான் தொடரும்.

இந்தச் சோதனையில் முள் அசையவே இல்லை என்றால் வயரிலோ, எர்த்திலோ, மீட்டரிலோ கோளாறு. அங்கே முதலில் பார்க்க வேண்டியது கப்ளரின் பச்சை பூத்த பின்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தெருவில் ஓடிய வண்டியென்றால் பாதி வழக்கு அதோடு முடிந்துவிடும். பல டிஜிட்டல் மீட்டர்களில் உள்ளே இணைப்பு அறுந்தால் பாயிண்ட் எல்லாம் சேர்ந்து மினுக்கும். தெரியாது என்று தெரியாததாகவே சொல்லிவிடுகிற மரியாதை அதற்கு இருக்கிறது.

*

வெளியே எடுத்த ஃப்ளோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்க்கச் சொன்னார். உள்ளே சலசலத்தால் விரிசல் வழியாகப் பெட்ரோல் புகுந்துவிட்டது, அது இனி மிதக்காது, டேங்க் நிறைந்தாலும் முள் 'ஈ'யிலேயே கிடக்கும். இதில் சத்தம் இல்லை. கோளாறு உரசும் வரியில். மேல் பாதி பளிச்சென்று இருந்தது. கீழ்ப் பாதியில் மட்டும் கறுத்த தழும்பு, நடுநடுவே வரியே தெரியாத அளவுக்குத் தேய்வு.

"முன்னாடி வெச்சிருந்தவர் நூறு நூறாப் போட்டவர் போல சார். ஃபுல் டேங்க் இந்த வண்டி பார்த்ததே இல்ல."

யோசித்தால் நியாயம்தான். கால் டேங்க்குக்குள்ளேயே காலம் கழித்த வண்டியில் விரல் அந்த ஒரு துண்டு வரியின்மேலேயே வருஷக்கணக்கில் உரசியிருக்கும். எந்த இடத்தில் முள்ளின் உதவி மிகவும் தேவையோ அந்த இடம்தான் முதலில் தேயும். ஆர்.சி. புத்தகத்தில் முன்னாள் உரிமையாளரின் பெயரும் விலாசமும்தான் இருக்கிறது. மாசக் கடைசி இங்கே இருந்தது.

கறுப்புக்கு வேறு காரணமும் உண்டு. சில சென்ஸார்களில் தொடுமுனைக்கு வெள்ளி சேர்ப்பார்கள். பெட்ரோலில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். 2004-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா, லூசியானா பகுதிகளில் கந்தகம் கூடிப்போன பெட்ரோல் விற்கப்பட்டு, ஏராளமான கார்களின் முள் ஒரே நேரத்தில் கெட்டுப்போனது. இங்கே பிஎஸ் 3 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி இருந்த காலத்தில் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 150 பங்கு வரை அனுமதி. பிஎஸ் 4-ல் 50. 2020-ல் வந்த பிஎஸ் 6-ல் 10. அந்த வகையில் இன்றைய பெட்ரோல் சாது. ஆனால் 2023-ல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். இதற்கென்று செய்யாத பழைய வண்டியில், ஓட்டாமல் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால், துருவுக்கு அதுவே விருந்து. பழைய வண்டி வைத்திருப்பவர் டேங்க்கைப் பாதிக்கு மேலேயே வைத்திருப்பது நல்லது. காலி இடம் குறைந்தால் ஈரக் காற்றுக்கும் இடம் குறைவு.

*

புது ஃப்ளோட் சில நூறு ரூபாய்தான். மாட்டுவதில்தான் கைப்பக்குவம். துளை சின்னது, கம்பி நீளம். மிதவையை முதலில் விட்டு, கம்பியைச் சாய்த்து, திருப்பி, உள்ளே இறக்க வேண்டும். அவசரத்தில் கம்பி கொஞ்சம் வளைந்தாலும் முள் அந்த அளவுக்குப் பொய் சொல்லும். ரப்பர் வளையத்தைப் பழசையே போட்டால் வெயிலில் பெட்ரோல் வாடை வரும். இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் பீடி பற்ற வைத்தார். மெக்கானிக் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

*

தூரம் கணக்குப் போட்டு, குச்சி விட்டு, எல்லாம் செய்தும் வண்டி டிரை ஆகிற நாள் எல்லோருக்கும் வரும். பாட்டிலில் பெட்ரோல் தரமாட்டோம் என்று பங்க்கில் பலகை மாட்டியிருப்பார்கள். கெஞ்சினால் சில இடத்தில் கிடைக்கும், பல இடத்தில் கிடைக்காது. ஆக வண்டியோடுதான் போக வேண்டும். அங்கேதான் இந்த ஊரின் நல்ல குணம் ஒன்று வெளிப்படும். தள்ளிக்கொண்டு போகிறவன் பின்னால் பைக்கில் வரும் முன்பின் தெரியாத பையன், "பெட்ரோலா ண்ணா? ஏறி உக்காருங்க" என்று சொல்லி, தன் இடது காலை நீட்டி நம் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டே வருவான். நாம் ஹேண்டிலை நேராகப் பிடித்தால் போதும். சட்டப்படி சரியா என்று கேட்டால் சரியில்லை, ஆபத்தும்கூட. பங்க் வாசலில் விட்டுவிட்டு, நாம் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விடுவான்.

*

புது ஃப்ளோட் போட்ட பிறகும் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது முள் கொஞ்சம் நகர்கிறது. ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் ஒதுங்கும், மிதவை அதற்கேற்ப ஆடும். இது கோளாறில் சேராது. சமதளத்தில், வண்டி நேராக நிற்கும்போது பார்த்ததுதான் கணக்கு. சிவப்பைத் தொடும்போது குச்சி விட்டால் இன்னும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. ரிசர்வைப் பிடுங்கியவர்கள் அதைச் சிவப்புக் கோட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

*

டிரை ஆன வண்டியில் பெட்ரோல் ஊற்றியதும் செல்ஃபைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருப்பது பேட்டரிக்குச் செய்யும் துரோகம். கார்பரேட்டர் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் குழாய் இஞ்சினின் உறிஞ்சலால்தான் திறக்கும். அதனால் சோக்கைப் போட்டு, பொறுமையாகப் பல உதை கிக்கரில் கொடுக்க வேண்டும். கார்பரேட்டர் கிண்ணம் நிறையும் வரை எழாது. பிஎஸ் 6 இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்தால் டேங்க்குக்குள் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடும் சத்தம் கேட்கும். அது நின்றதும் ஆஃப். மறுபடி ஆன். இப்படி இரண்டு மூன்று முறை செய்தபின் செல்ஃப். அந்த பம்ப்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். அடிக்கடி வறண்டு ஓடினால் அதன் ஆயுள் குறையும், விலையோ ஃப்ளோட்டைப்போலப் பல மடங்கு. இன்ஜெக்ஷன் வண்டியைப் பழசாக வாங்குகிறவர் முள் வேலை செய்யவில்லை என்று கேள்விப்பட்டால், சாவியை ஆன் செய்து அந்த பம்ப் சத்தத்தையும் ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுவிட்டு விலை பேசலாம்.